மனச்சோர்வும் ஒரு நிராகரிப்புக் கடிதமும்: அமெரிக்க முன்னாள் படைவீரரின் முறையீடு எப்படி நடக்கிறது?

அமெரிக்கப் படையிலிருந்து வெளியே வந்த ஒருவருக்கு, பணிக்காலத்தில் வந்த காயமோ நோயோ இன்னும் தொந்தரவு தருகிறது என்றால், அந்நாட்டு அரசு மாதாமாதம் ஈட்டுத்தொகை தருகிறது. இது ஓய்வூதியம் இல்லை. இருபது வருடம் பணி செய்திருக்க வேண்டும் என்ற கணக்கெல்லாம் இதில் கிடையாது. வருமான வரியும் கிடையாது. மோசமான நடத்தைக்காக வெளியேற்றப்பட்டவராக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். இதைக் கவனிப்பது முன்னாள் படைவீரர் விவகாரத் துறை. அங்கே எல்லோரும் அதை வி.ஏ. என்றே சொல்கிறார்கள். நாமும் அப்படியே சொல்வோம்.

காலை இழந்தவருக்கு உள்ள அதே உரிமை மனச்சோர்வு வந்தவருக்கும் உண்டு. சட்டம் இருவரையும் ஒரே வரிசையில்தான் நிறுத்துகிறது. ஆனால் கால் போன தேதி ஏதாவது ஒரு காகிதத்தில் இருக்கும். மனச்சோர்வு தேதி சொல்லிக்கொண்டு வருவதில்லை. வந்தவரும் உடனே டாக்டரிடம் ஓடுவதில்லை. படையில் இருக்கும்போது வாய் திறந்தால் வேலைக்கே ஆபத்து என்ற பயம் வேறு. பத்து வருடம் கழித்து ஒருவழியாக விண்ணப்பம் போடுகிறார். மறுத்துக் கடிதம் வருகிறது. அதற்குப் பிறகு நடப்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

இத்தகைய வழக்குகளில் "உங்களுக்கு மனச்சோர்வே இல்லை" என்று மறுப்பதும் உண்டு. ஆனால் பெரிய இழுபறி நடப்பது வேறு இரண்டு கேள்விகளில். ஒன்று, இந்த நோய்க்கும் படைப்பணிக்கும் என்ன தொடர்பு? இன்னொன்று, இது ஆளை எந்த அளவுக்கு முடக்கியிருக்கிறது? எந்தக் கேள்வியில் தோற்றோம் என்று பார்க்காமல், கோபத்தில் போடுகிற அப்பீல் பெரும்பாலும் வருடங்களைத்தான் தின்னும். முதல் கேள்வியில் தோற்றவருக்கு வேண்டிய சான்று வேறு, இரண்டாவதில் தோற்றவருக்கு வேண்டியது வேறு.

புரிவதற்காக ஒரு ஆளைக் கற்பனை செய்துகொள்வோம். தரைப்படையில் லாரி ஓட்டியவர். ஒரு விபத்தில் முதுகில் அடி. 2008இல் வெளியே வந்தார். முதுகுக்கு மட்டும் விண்ணப்பித்து 40 சதவீத முடக்கத்துக்கான ஈட்டுத்தொகை வாங்குகிறார். வலி குறையவில்லை. வேலை கைமாறிக்கொண்டே போனது, தூக்கம் கெட்டது, 2016இல் ஒரு மனநல மருத்துவர் இது மனச்சோர்வு நோய் என்று எழுதினார். 2023 மார்ச்சில் வி.ஏ.வுக்கு விண்ணப்பித்தார். செப்டம்பரில் மறுப்பு வந்தது. இவரை டிரைவர் என்றே கூப்பிடுவோம்.

தொடர்பை எப்படிக் காட்டுவது

பணிக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டு என்று வி.ஏ. ஏற்றுக்கொள்ள மூன்று விஷயம் வேண்டும். இப்போது நோய் இருக்க வேண்டும். பணிக்காலத்தில் ஏதோ ஒன்று நடந்திருக்க வேண்டும். அது இதற்குக் காரணம் என்று சொல்லும் கண்ணி வேண்டும். 2004இல் ஷெட்டன் வழக்கில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த மூன்றையும் வரிசைப்படுத்திச் சொன்னது. இன்றைக்கும் தீர்ப்புகளில் இதைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள்.

முதலாவது சுலபம். தகுதியுள்ள மருத்துவரோ உளவியலாளரோ, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டி.எஸ்.எம்.-5 கையேட்டின்படி நோயைப் பெயர் சொல்லி எழுதியிருந்தால் போதும். இதில் விண்ணப்பதாரருக்குச் சாதகமான ஒரு தீர்ப்பும் இருக்கிறது. ஒருவர் பி.டி.எஸ்.டி. (பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய்) என்று எழுதி விண்ணப்பித்தார், பரிசோதனையில் வேறு மனநோய் தெரியவந்தது என்று வையுங்கள். "நீ கேட்டது அது இல்லையே" என்று கதவைச் சாத்த முடியாது. தனக்கு என்ன நோய் என்று பெயர் வைப்பது நோயாளியின் வேலை இல்லை என்பது 2009இல் வந்த கிளெமன்ஸ் தீர்ப்பின் சாரம். அறிகுறிகளைச் சொல்லியிருந்தால், அவற்றுக்குப் பொருந்தும் எந்த மனநோயையும் அதே விண்ணப்பத்தில் பரிசீலிக்க வேண்டும்.

இரண்டாவதில்தான் பலர் திணறுகிறார்கள். பணிக்கால மருத்துவக் கோப்பில் மனச்சோர்வு பற்றி ஒரு வரிகூட இருக்காது. அந்த வெற்றிடத்தையே ஆதாரமாக வைத்து, "அப்போது நோய் இல்லை" என்று கடிதம் சொல்லும். இது முழுச் சரி இல்லை. காகிதம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகப் படைவீரரின் வாக்குமூலத்தையும் குடும்பத்தாரின் வாக்குமூலத்தையும் நம்ப முடியாதவை என்று தள்ளக்கூடாது என்று 2006இல் புக்கானன் வழக்கில் தீர்ப்பு வந்தது. அதனால் மனைவி, அம்மா, உடன் பணியாற்றிய நண்பர் இவர்கள் எழுதித் தரும் கடிதங்களுக்கு உண்மையிலேயே எடை உண்டு. ஆனால் "அவர் ரொம்ப நல்லவர், நாட்டுக்காக உழைத்தவர்" என்று எழுதும் கடிதத்தால் ஒரு பயனும் இல்லை. "விடுப்பில் வந்தபோது அறையை விட்டு வெளியே வரவில்லை, தம்பி கல்யாணத்துக்குக்கூட வரவில்லை, அதற்கு முன்னால் அப்படி இருந்ததில்லை" என்று கண்ணால் கண்டதை எழுதினால் அது சான்று.

இன்னொரு மறுப்பும் அடிக்கடி வரும்: "படையில் சேருவதற்கு முன்பே உங்களுக்கு இந்த நோய் இருந்தது." சேரும்போது நடந்த மருத்துவச் சோதனையில் அப்படி எதுவும் குறிக்கப்படவில்லை என்றால், அவர் நலமாகத்தான் சேர்ந்தார் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். அதை உடைக்க வி.ஏ. இரண்டைக் காட்ட வேண்டும்: நோய் முன்பே இருந்தது, பணியால் அது மோசமாகவும் இல்லை. இரண்டையும் மறுக்க முடியாத அளவுக்குத் தெளிவாகக் காட்ட வேண்டும். சாதாரண ஊகம் செல்லாது.

இந்தியாவிலும் இதே சிந்தனை உண்டு. சேர்க்கையின்போது குறிப்பு எதுவும் இல்லையென்றால் நோய் பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும் என்று 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சென்னையிலும் அமர்வு வைத்திருக்கும் ஆயுதப் படைத் தீர்ப்பாயத்தில் இந்தத் தீர்ப்பை எடுத்து வைக்காத ஊனமுற்றோர் ஓய்வூதிய வழக்கைப் பார்ப்பது கடினம். 2023இல் அங்கே விதிகளே மாறிவிட்டன. அது தனிக் கட்டுரைக்கான கதை.

சரி, டிரைவருக்கு வருவோம். அவருக்குப் படையில் இருந்தபோது மனச்சோர்வு வரவே இல்லை. எட்டு வருடம் கழித்துத்தான் வந்தது. அப்படியானால் அவர் கதை முடிந்ததா? இல்லை. அவருக்கு வேறு வழி இருக்கிறது, என் கணிப்பில் மனச்சோர்வு வழக்குகளில் மிகவும் வலுவான வழியே அதுதான். இரண்டாம் நிலைத் தொடர்பு என்று அதைச் சொல்லலாம். பணியால் வந்ததாக ஏற்கெனவே ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒரு நோய், இன்னொரு நோயை உண்டாக்கினால் அந்தப் புது நோய்க்கும் ஈட்டுத்தொகை உண்டு. டிரைவரின் முதுகு ஏற்றுக்கொள்ளப்பட்டது. தீராத முதுகுவலி மனச்சோர்வைக் கொண்டுவந்தது என்று காட்டினால் போதும். 2008க்கு முன்னால் அவர் மனநிலை எப்படி இருந்தது என்ற கேள்வியே எழாது.

உண்டாக்கவே வேண்டும் என்றுகூட இல்லை. மனச்சோர்வு வேறு காரணத்தால் வந்திருக்கலாம், விவாகரத்தால்கூட வந்திருக்கலாம். முதுகுவலி அதை மோசமாக்கியது என்றால், மோசமான அந்தக் கூடுதல் அளவுக்கு ஈட்டுத்தொகை உண்டு என்று 1995இல் ஆலன் வழக்கில் தீர்ப்பானது. இங்கேதான் வி.ஏ. மருத்துவர்களின் அறிக்கைகள் அடிக்கடி சறுக்கும். "மனச்சோர்வு முதுகுவலியால் வரவில்லை" என்று எழுதிவிட்டு, முதுகுவலி அதை மோசமாக்கியதா என்பதைத் தொடாமல் விட்டுவிடுவார்கள். அப்படிப்பட்ட அறிக்கை அரைகுறை. அதை வைத்து மறுக்க முடியாது. 2013இல் வந்த எல்-அமீன் தீர்ப்பு இதற்கென்றே இருக்கிறது. மறுப்புக் கடிதம் கைக்கு வந்ததும் மருத்துவ அறிக்கையின் நகலை வாங்கி, "மோசமாக்கியதா" என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறதா என்று தேடுவது நல்ல தொடக்கம்.

குடி பற்றியும் ஒரு வார்த்தை. வெறும் குடிப்பழக்கத்துக்கு ஈட்டுத்தொகை கிடையாது. ஆனால் பணியால் வந்த மனச்சோர்வைத் தாங்க முடியாமல் குடிக்கு அடிமையானவர் என்றால், அந்த அடிமைத்தனமும் மனச்சோர்வின் விளைவாகக் கணக்கில் வரலாம். இதைத் தெரியாமல் பலர் குடிப்பதை மறைக்கிறார்கள். பிறகு கோப்பில் வேறெங்கோ அது வெளிப்படும்போது, மற்ற வார்த்தைகளின் நம்பகத்தன்மையும் சேர்ந்து போகிறது.

பாதிக்குப் பாதி போதும்

மூன்றாவது கண்ணியை இணைக்க வேண்டியவர் மருத்துவர். எவ்வளவு உறுதியாகச் சொல்ல வேண்டும்? நூறு சதவீதம் தேவையில்லை. தொடர்பு இருப்பதற்கும் இல்லாததற்கும் சம வாய்ப்பு என்று எழுதினால்கூடப் போதும். ஏனென்றால் இரு பக்கச் சான்றும் சமமாக நின்றால், சந்தேகத்தின் பலன் படைவீரருக்கே என்று சட்டமே சொல்கிறது. கிரிக்கெட்டில் அம்பயருக்குச் சந்தேகம் வந்தால் பேட்ஸ்மேன் பக்கம் கொடுப்பார் இல்லையா, அதேதான். 1990இல் கில்பர்ட் வழக்கில் இந்த விதியை விளக்கிய நீதிமன்றம், அவர்கள் ஊர் வழக்கப்படி பேஸ்பாலை உதாரணம் காட்டியது.

ஆனால் "இருக்கலாம்", "வாய்ப்பு இல்லாமல் இல்லை" என்ற மாதிரி வார்த்தைகள் சமவாய்ப்பு ஆகாது. மருத்துவர் கருணையோடு எழுதித் தரும் பல கடிதங்கள் இந்த ஒரு சொல்லால் வீணாகின்றன. அவர் என்ன முடிவுக்கு வந்தார் என்பதைவிட ஏன் வந்தார் என்பதற்குத்தான் எடை அதிகம். 2008இல் வந்த நீவஸ்-ரோட்ரிகஸ் தீர்ப்பின்படி, மருத்துவக் கருத்தின் மதிப்பு அதன் காரண விளக்கத்தில்தான் இருக்கிறது. டிரைவரின் மருத்துவர் இரண்டு வரி எழுதினால் வி.ஏ. அதைத் தள்ளிவைக்கும். நாள்பட்ட வலி தூக்கத்தை எப்படிக் கெடுத்தது, எந்த வருடம் வேலை போனது, மருத்துவக் குறிப்புகளில் வலி கூடிய காலத்திலேயே மனநிலையும் சரிந்தது எப்படி, விவாகரத்து போன்ற வேறு காரணங்களை ஏன் முக்கியமாக எடுத்துக்கொள்ளவில்லை என்று ஒரு பக்கம் எழுதினால் எதிர் அறிக்கைக்குச் சமமாகவாவது நிற்கும். சமமாக நின்றால் வெற்றி.

கடிதத்தைப் படிப்பது

வி.ஏ.வின் முடிவுக் கடிதம் படிக்கக் கொடுமையாக இருக்கும். பெரும்பாலானோர் "மறுக்கப்பட்டது" என்ற சொல்லோடு நிறுத்திவிடுவார்கள். அப்படிச் செய்யக் கூடாது. இப்போதைய சட்டப்படி, விண்ணப்பதாரருக்குச் சாதகமாக எதையெல்லாம் ஏற்றுக்கொண்டார்கள் என்று அந்தக் கடிதத்தில் தனியே எழுத வேண்டும். "உங்களுக்கு மனச்சோர்வு நோய் உள்ளது" என்று அங்கே எழுதியிருந்தால், அது இனி வி.ஏ.வைக் கட்டுப்படுத்தும், அப்பட்டமான பிழை என்று காட்டினால் தவிர, மேலே உள்ள அதிகாரியோ நீதிபதியோ அதை மாற்ற முடியாது. ஆக, அந்தக் கண்ணிக்கு மறுபடியும் சான்று தேட வேண்டியதில்லை. எது விடுபட்டதோ அதற்கு மட்டும் தேடினால் போதும். டிரைவரின் கடிதம் நோயை ஏற்றது, முதுகையும் ஏற்றது. "இரண்டுக்கும் தொடர்பில்லை" என்றது. அவருக்கு வேண்டியது ஒரே ஒரு காகிதம்: நல்ல மருத்துவக் கருத்து.

முன்பெல்லாம் அப்பீல் என்றால் ஒரே ஒரு நீண்ட பாதைதான், பல வருடம் இழுக்கும். 2017இல் நிறைவேறி 2019 பிப்ரவரி 19 முதல் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தச் சட்டம் அதை மூன்று வழியாகப் பிரித்தது.

புதிய சான்று கையில் இருந்தால் துணை விண்ணப்பம். புதிதாகவும் வழக்குக்குப் பொருத்தமாகவும் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். டிரைவருக்கு இதுதான் பொருத்தம்.

சான்றெல்லாம் கோப்பிலேயே இருக்கிறது, படித்தவர்தான் கவனிக்கவில்லை என்றால் மூத்த அதிகாரியின் மறுஆய்வு. இதில் புதுக் காகிதம் ஒன்றுகூட வைக்க முடியாது. ஆனால் அந்த அதிகாரியோடு ஒருமுறை தொலைபேசியில் பேசி, பிழை எங்கே என்று சுட்டிக்காட்டலாம். மோசமாக்கியதா என்ற கேள்விக்குப் பதில் இல்லாத மருத்துவ அறிக்கையை இங்கே காட்டினால், புதுக் கருத்து வாங்கச் சொல்லிக் கோப்பைத் திருப்பி அனுப்புவார்கள்.

மூன்றாவது, வாஷிங்டனில் இருக்கும் முன்னாள் படைவீரர் முறையீட்டு வாரியம். இங்கே தீர்ப்புச் சொல்பவர் ஒரு நீதிபதி. இதிலும் மூன்று வரிசை உண்டு: இருக்கும் கோப்பை மட்டும் பாருங்கள் என்பது ஒன்று, 90 நாளுக்குள் புதுச் சான்று தருகிறேன் என்பது இன்னொன்று, நீதிபதி முன் நேரில் பேச வேண்டும் என்பது மற்றொன்று. மூன்றாவது வரிசையில் காத்திருப்பு அதிகம். மனச்சோர்வு வழக்கில், கோப்பில் காய்ந்த எழுத்தாக இருக்கும் மனிதரை நீதிபதி நேரில் கேட்பது சில சமயம் மதிப்புள்ளதுதான். ஆனால் மருத்துவக் கருத்து இல்லாமல் கண்ணீரோடு பேசி வென்றுவிடலாம் என்று நம்புவது சரியில்லை. நீதிபதிக்கும் அந்த மூன்று கண்ணிகள் வேண்டும்.

எந்த வழியானாலும் கடிதத் தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். துணை விண்ணப்பத்தை அதற்குப் பிறகும் போடலாம், ஆனால் பணம் போய்விடும். எப்படி என்று பாருங்கள். டிரைவர் 2023 மார்ச்சில் முதலில் விண்ணப்பித்தார். ஒவ்வொரு மறுப்புக்கும் ஒரு வருடத்துக்குள் அடுத்த அடியை வைத்துக்கொண்டே போனால், வெற்றி எப்போது வந்தாலும் ஈட்டுத்தொகை அந்த 2023 மார்ச் விண்ணப்பத்திலிருந்து கணக்கிடப்படும். ஒரு வருடத்தைத் தவறவிட்டு 2025இல் மறுபடி போட்டால், அந்தப் புதுத் தேதியிலிருந்துதான். 2025 விகிதப்படி குடும்பத்துக்கான கூடுதல் தொகை இல்லாமல், 40 சதவீதத்துக்கு மாதம் சுமார் 774 டாலர், 70 சதவீதத்துக்கு 1,759. இடையில் மாதம் 985 டாலர். இரண்டு வருடத்தில் இருபத்து மூவாயிரத்துக்கு மேல். காலண்டரில் ஒரு தேதியைக் குறித்து வைக்காததற்கு இது ரொம்பப் பெரிய விலை.

40 எப்படி 70 ஆனது என்று கேட்கலாம். மனச்சோர்வுக்கு 50 சதவீதம் கிடைத்ததாக வைத்துக்கொண்டேன். 40ம் 50ம் சேர்ந்தால் 90 என்று நம் கணக்கு சொல்லும். வி.ஏ. கணக்கு அப்படி இல்லை. பெரியதான 50ஐ முதலில் கழிப்பார்கள். ஆளில் 50 மிச்சம். அந்த 50இல் 40 சதவீதம் 20. ஆக மொத்தம் 70. இந்தக் கணக்கைப் பார்த்துக் கோபப்படாத முன்னாள் படைவீரர் இருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

எவ்வளவு முடக்கம்

தொடர்பு ஏற்கப்பட்டதும் இரண்டாவது கேள்வி எழும். எத்தனை சதவீதம்? பலர் முதல் கேள்வியில் வென்ற சந்தோஷத்தில் இதைக் கவனிப்பதில்லை. பத்தோ முப்பதோ போட்டு அனுப்பினால் வாங்கிக்கொள்கிறார்கள். சதவீதத்தை எதிர்த்தும் அதே மூன்று வழியில் போகலாம்.

மனநோய்கள் எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல்தான்: 0, 10, 30, 50, 70, 100. மனச்சோர்வும் பி.டி.எஸ்.டி.யும் சேர்ந்தே இருந்தாலும், எது எந்த அறிகுறியைத் தருகிறது என்று பிரிக்க முடியாவிட்டால் இரண்டுக்கும் சேர்த்து ஒரே சதவீதம். வேலையிலும் உறவுகளிலும் எவ்வளவு முடக்கம் என்பதைத்தான் அளக்கிறார்கள். மருந்தால் கட்டுக்குள் இருந்தால் 10. பொதுவாக வேலை ஓடுகிறது, அவ்வப்போது மட்டும் தடுமாறுகிறது, தூக்கமின்மை, சோர்ந்த மனநிலை என்றால் 30. வேலையில் நம்பி ஒப்படைக்க முடியாத அளவுக்குப் போனால் 50. வேலை, குடும்பம், யோசனை, மனநிலை என்று பெரும்பாலான பக்கங்களிலும் குறைபாடு இருந்தால் 70. முழு முடக்கம் 100. அதற்கு 2025இல் மாதம் 3,831 டாலர்.

விதியில் ஒவ்வொரு படிக்கும் கீழே அறிகுறிகள் வரிசையாக அச்சாகியிருக்கும். அதைப் பார்த்து, "இதில் நான்குதான் எனக்கு இருக்கிறது, எட்டு இல்லையே" என்று பயப்பட வேண்டாம். அவை உதாரணங்கள் மட்டுமே என்று 2002இல் மவர்ஹன் தீர்ப்பு சொல்லிவிட்டது. அதே தரத்திலான வேறு அறிகுறிகளும் கணக்கில் வரும். ஆனால் 2013இல் வாஸ்கேஸ்-கிளாடியோ தீர்ப்பு ஒரு கடிவாளமும் போட்டது: அறிகுறிகளும் இருக்க வேண்டும், அவற்றால் அந்தப் படிக்குரிய முடக்கமும் வந்திருக்க வேண்டும்.

தற்கொலை எண்ணம் 70 சதவீதப் படியில் மட்டும்தான் எழுதப்பட்டிருக்கிறது. முன்பு வாரியம், "திட்டம் போடவில்லை, முயற்சி செய்யவில்லை, ஆஸ்பத்திரியில் சேரவில்லை" என்று சொல்லி அந்த எண்ணத்தை லேசாக ஒதுக்கியதுண்டு. 2017இல் பேங்க்ஹெட் வழக்கில் நீதிமன்றம் அதைத் தவறு என்றது. இருப்பதைவிட இல்லாமல் போனால் நல்லது என்ற எண்ணமும் அந்தச் சொல்லுக்குள் அடங்கும், அதற்கு மேல் திட்டமோ முயற்சியோ இருக்க வேண்டும் என்று கேட்கக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பு. அப்பீல், சதவீதம் எல்லாம் பிறகு. அப்படி எண்ணம் வருகிறவர்கள் அமெரிக்காவில் 988ஐ அழைத்து 1ஐ அழுத்தினால் முன்னாள் படைவீரர்களுக்கான உதவி எண் கிடைக்கும். இந்தியாவில் டெலி மானஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம்.

சதவீதம் பெரும்பாலும் தீர்மானமாவது வி.ஏ. ஏற்பாடு செய்யும் மருத்துவப் பரிசோதனையில். அரை மணியிலிருந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் சந்திப்பு அது. படையில் பழகியவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல். "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டால், "நல்லா இருக்கேன்" என்று சொல்லியே வளர்ந்தவர்கள். குளித்துச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வருவார்கள். அறிக்கையில் "நேர்த்தியான தோற்றம், இயல்பான பேச்சு" என்று பதிவாகும். அந்த வரி நேராகக் குறைந்த சதவீதத்துக்குப் போகும். மிகைப்படுத்தச் சொல்லவில்லை, பொய் சொல்வது குற்றம், கோப்பில் உள்ளதற்கு முரணாகச் சொன்னால் மாட்டிக்கொள்வதும் சுலபம். மோசமான நாட்கள் மாதத்தில் எத்தனை, அந்த நாட்களில் என்ன செய்ய முடியாமல் போகிறது, வேலையில் எத்தனை முறை லீவு போட நேர்ந்தது என்று சொல்ல வேண்டும். அன்றைக்குக் கட்டாயப்படுத்திக் குளிக்க வைத்தது மனைவிதான் என்றால் அதையும் சொல்ல வேண்டும். அறிக்கை ஒருதலையாக வந்திருந்தால், அதை மறுக்க மனைவியின் கடிதமும் தொடர்ந்து சிகிச்சை தரும் மருத்துவரின் குறிப்புகளும் உதவும். வருடக்கணக்காகப் பார்க்கும் மருத்துவர் கண்டதை ஒருநாள் பார்த்தவர் காண முடியாது. இதை அப்பீலில் வெளிப்படையாக எழுதலாம்.

வேலையே பார்க்க முடியாதவருக்கு இன்னொரு கதவு உண்டு. மொத்தம் 70 சதவீதமும், அதில் ஏதாவது ஒரு நோய்க்கு 40 சதவீதமும் இருந்து, அந்த நோய்களால் நிலையான வருமானம் தரும் வேலையில் நிற்க முடியவில்லை என்று காட்டினால், 100 சதவீதத்துக்கான தொகையையே தருவார்கள். ஒரே நோய்தான் என்றால் 60 சதவீதம் போதும். டிரைவரின் 70 இதற்குச் சரியாகப் பொருந்துகிறது. மனச்சோர்வு அப்பீலின் நடுவிலேயே, "என்னால் வேலை செய்ய முடியவில்லை" என்ற சான்று கோப்பில் வந்தால், இந்தக் கேள்வியையும் வி.ஏ. எடுத்துப் பார்க்க வேண்டும்.

வாரியத்துக்கு மேலே

வாரியமும் மறுத்தால் 120 நாளுக்குள், இந்த வழக்குகளுக்கென்றே இருக்கும் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போகலாம். இந்த நீதிமன்றம் 1988இல்தான் சட்டத்தால் உருவானது. அதற்கு முன் வி.ஏ. மறுத்தால் மறுத்ததுதான், நீதிபதி முன் கொண்டுபோகவே வழியில்லை. வக்கீலுக்குப் பத்து டாலருக்கு மேல் கட்டணம் தரக்கூடாது என்று 1864இல், உள்நாட்டுப் போர்க் காலத்தில் போட்ட விதியும் அதுவரை உயிரோடுதான் இருந்தது. படைவீரரை வக்கீல் சுரண்டக் கூடாது என்று போட்ட விதி, கடைசியில் வக்கீலே கிடைக்காமல் செய்துவிட்டது.

இந்த நீதிமன்றத்தில் புதுச் சான்று வைக்க முடியாது. வாரியம் தன் முடிவுக்குப் போதுமான காரணம் சொன்னதா, சாதகமான சான்றை ஏன் தள்ளியது என்று விளக்கியதா என்று பார்ப்பார்கள். மனைவியின் கடிதத்தைப் பற்றி வாரியம் ஒரு வரிகூட எழுதவில்லை என்றால் அதுவே பிழை. பல வழக்குகள் இப்படித்தான் வாரியத்துக்குத் திரும்பிப் போகின்றன. திரும்பிப் போவது வெற்றி இல்லை, மறுபடி ஒரு சுற்று. ஆனால் முதல் தேதி கையை விட்டுப் போகாது.

இதையெல்லாம் தனியாகச் செய்ய வேண்டியதில்லை. டி.ஏ.வி., அமெரிக்கன் லீஜியன், வி.எஃப்.டபிள்யூ. போன்ற முன்னாள் படைவீரர் அமைப்புகளின் பிரதிநிதிகள் இலவசமாக உதவுகிறார்கள். முதல் விண்ணப்பத்துக்கு வக்கீல் யாரும் கட்டணம் வாங்கக் கூடாது. முதல் முடிவு வந்த பிறகு, அப்பீலுக்குத்தான் வாங்கலாம். நிலுவைத் தொகையில் 20 சதவீதம் வரை நியாயமான கட்டணம், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் நியாயமற்றது என்று விதி எடுத்துக்கொள்கிறது. இவர்கள் நடுவே வி.ஏ.வின் அங்கீகாரமே இல்லாமல், "உங்கள் சதவீதத்தை ஏற்றித் தருகிறோம்" என்று விளம்பரம் செய்து, கூடப்போகும் மாதத் தொகையைப் பல மடங்காகக் கேட்கும் ஆலோசனை நிறுவனங்களும் உண்டு. கையெழுத்துப் போடும் முன், வி.ஏ. இணையதளத்தில் இருக்கும் அங்கீகாரப் பட்டியலில் அந்த ஆளின் பெயரைத் தேடிப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகும்.